வாடகை குறைவுதான்... இடம் சரிதானா?

வீட்டு அடுப்பங்கரையில் ஆரம்பித்த மசாலாப் பொடி வியாபாரம் நன்றாகப் போகிறது. ஆர்டர் கூடிவிட்டது; மிக்ஸி தாங்கவில்லை. அரைக்கும் மெஷினுக்கு வங்கிக் கடன் கேட்டாயிற்று. கைப்பணத்துக்கு நகை அடகுக்குப் போகத் தயாராக இருக்கிறது. மிச்சம் ஒரே கேள்விதான்: ஷெட்டை எங்கே போடுவது?

இந்தக் கட்டத்துக்கு வரும் குடும்பங்களில் மாமாவோ சித்தப்பாவோ உடனே ஓர் இடம் சொல்வார். "ஊருக்கு வெளியே தெரிஞ்சவர் ஷெட் சும்மா கிடக்கு. மாசம் ஏழாயிரம் போதும்." டவுனுக்குள் அதே அளவு ஷெட்டுக்கு 15,000 ரூபாய் கேட்கிறார்கள். மாதம் 8,000 ரூபாய் மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டுவிடும்.

அந்தக் கணக்கை இன்னும் இரண்டு வரி நீட்டிப் பாருங்கள். ஊருக்கு வெளியே என்பதால் லோடு ஆட்டோவுக்கு நாளைக்கு 300 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளுக்கு 7,800 ரூபாய். மிச்சம் என்று நினைத்தது அங்கேயே கரைந்துவிட்டது. பஸ் வராத இடம் என்றால் வேலைக்கு வரும் பெண்களை அழைத்துவர ஒரு வண்டி வேண்டும். சாயங்காலம் இருட்டிய பின் அந்த ரோட்டில் நடக்க அவர்கள் தயங்கினால், ஆளே நிற்க மாட்டார்கள். வாடகை கண்ணுக்குத் தெரியும் செலவு. மற்றவை தினமும் சில்லறையாகப் போவதால் தெரிவதில்லை.

எது கனம், எது தூரம்?

இதை ஒரு பாடமாகவே எழுதி வைத்தவர் ஆல்பிரட் வேபர் என்ற ஜெர்மானியப் பொருளாதார அறிஞர். ஆண்டு 1909. அவர் சொன்னதை நம் ஊர் உதாரணத்தில் சொன்னால் எளிது. 100 கிலோ கரும்பை ஆட்டினால் சுமார் 10 கிலோ சர்க்கரைதான் கிடைக்கும். 90 கிலோ சக்கையையும் தண்ணீரையும் தூரத்துக்குச் சுமந்து போவானேன்? வெட்டிய கரும்பு நாளாக நாளாகச் சர்க்கரைச் சத்தை வேறு இழக்கும். அதனால்தான் சர்க்கரை ஆலை கரும்புத் தோட்டத்தை ஒட்டி நிற்கிறது. பேக்கரி கதை நேர் எதிர். மாவு மூட்டை அடக்கமாக வந்து இறங்கும். பன்னும் ரொட்டியும் இடத்தை அடைக்கும், சீக்கிரம் கெடும். அதனால் பேக்கரி சாப்பிடுகிறவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காய்ந்த மிளகாயை அரைத்தால் எடை பெரிதாகக் குறையாது. மூட்டையாக வந்ததும் பாக்கெட்டாகப் போவதும் ஏறக்குறைய ஒரே கனம். எனவே, மிளகாய் விளையும் ஊருக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆள், கரன்ட், ரோடு, வாங்குகிற கடைகள் ஆகியவைதான் இந்தத் தொழிலின் இடத்தை முடிவு செய்யும். உங்கள் தொழிலுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: உள்ளே வருவது கனமா, வெளியே போவது கனமா?

பெரியவர்கள் பட்ட பாடு

மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நானோ கார் தொழிற்சாலையைப் பாதிக்கு மேல் கட்டியிருந்தது டாடா மோட்டார்ஸ். நிலம் எடுத்ததை எதிர்த்த விவசாயிகளின் போராட்டம் ஓயவில்லை. 2008 அக்டோபரில் நிறுவனம் வெளியேறி, குஜராத்தின் சானந்துக்குப் போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு இடம் மாற முடிந்தது. நம்மால் முடியாது. ஷெட் இருக்கும் நிலத்தில் அண்ணன் தம்பி பாகப் பிரச்னை இருக்கிறதா, வாடகை பேசுபவர் பெயரில்தான் பட்டா இருக்கிறதா, வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

திருப்பூரில் சாயக் கழிவு நொய்யலில் கலந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மெஷின், ஆர்டர், ஆள் எல்லாம் இருந்தும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எல்லோரும் கேட்கிறோம். கழிவு எங்கே போகும் என்பதையும் அதே நாளில் கேட்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி, அம்பத்தூர் பகுதிகளில் சிறு பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த மோட்டாரும் சரக்கும் பல வருட உழைப்பு. நீங்கள் பார்க்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதை புரோக்கரிடம் கேட்காதீர்கள். பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேளுங்கள். சுவரில் கோடு காட்டிச் சொல்வார்.

அட்வான்ஸுக்கு முன்னால்...

முதலில், அந்த இடம் குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா, தொழில் பகுதியா என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு அலுவலகம் அல்லது உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை எனப் பல நிறங்களாகப் பிரித்திருக்கிறது. உங்கள் தொழில் எந்த நிறம், எந்த அனுமதி தேவை என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மிளகாய் நெடியும் மெஷின் சத்தமும் பக்கத்து வீட்டுக்குப் போனால், லைசென்ஸ் இருந்தாலும் நிம்மதி இருக்காது.

இரண்டாவது, கரன்ட். த்ரீ ஃபேஸ் இருக்கிறதா, உங்கள் மெஷினின் குதிரைத்திறனுக்கு இப்போதுள்ள லோடு போதுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். "அப்புறம் ஏத்திக்கலாம்" என்று ஓனர் சொன்னால், அதற்கான செலவு யாருடையது என்று அப்போதே பேசிவிடுங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தம். வீட்டுக்குப் போடுவதுபோல் 11 மாதம் போட்டுவிட்டு, கான்கிரீட் தளம் போட்டு மெஷினை இறக்காதீர்கள். அது ஓனர் கையில் பிடியைக் கொடுப்பது. குறைந்தது மூன்று, ஐந்து வருடத்துக்குப் பேசி, வருடா வருடம் வாடகை எத்தனை சதவிகிதம் ஏறும், நடுவில் காலி செய்யச் சொன்னால் என்ன என்பதை எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும்.

வாடகை இடமே வேண்டாம் என்றால் சிட்கோ தொழிற்பேட்டைகளில் மனையோ ஷெட்டோ காலி இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். ரோடும் கரன்ட்டும் ஏற்கெனவே இருக்கும். பக்கத்து வீட்டுப் புகார் தொல்லையும் குறைவு.

கடைசியாக, இடத்தை மூன்று முறை நேரில் பாருங்கள். வேலை நாளில் காலை 8 மணிக்கு ஒருமுறை, இரவு 7 மணிக்கு ஒருமுறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை. வேலைக்கு வரப்போகும் ஒருவரையும் கூட்டிப் போங்கள். நமக்குத் தெரியாத சங்கடம் அவர் கண்ணில் படும்.

இத்தனையும் பார்த்தால் இரண்டு, மூன்று மாதம் ஓடிவிடுமே, ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அதுவரை அரவை மில்லில் கூலிக்கு அரைத்து வாங்கி, பாக்கெட் போடுவதை மட்டும் நீங்கள் செய்யலாம். லாபம் கொஞ்சம் குறையும். ஆனால், தப்பான இடத்தில் இறக்கிய மெஷினைக் கழற்றி, புது லைசென்ஸ், புது கனெக்‌ஷன், புது அட்வான்ஸ் என்று மறுபடி தொடங்குவதற்கு ஆகும் செலவை நினைத்தால், அந்தக் கூலி மலிவு.