இல்லமும் தொழிலும்: பங்காருக்குப் போடுமுன்



தெலுங்கில் ‘பங்காரு’ என்றாலும் கன்னடத்தில் ‘பங்கார’ என்றாலும் பொன் என்றே பொருள். நாம் பிழைக்க வந்த இம்மும்பையிலோ ‘பங்கார்’ என்றால் பழைய இரும்பு. ஒலியால் ஒன்றுபோல் நிற்கும் இவ்விரு சொற்களும் பொருளால் எத்தனை தூரம் விலகி நிற்கின்றன! ஆயினும் சில வீடுகளில் பொன்னே பழைய இரும்பென்று கருதப்பட்டுத் தராசில் ஏறிவிடுவதுண்டு. அவ்வாறு ஏறவிருந்த ஒரு பொருளைப் பற்றியே இம்மாதம் எழுதத் துணிந்தேன்.

செம்பூரில் வாழும் ஒரு சகோதரி சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். அவருடைய தாயார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்து, தாராவியில் ஒற்றை அறையில் நாற்பது ஆண்டுகள் குடித்தனம் செய்தவர். இப்பொழுது முதுமை காரணமாக அவ்வறையை விட்டு மகளுடன் வந்திருக்கிறார். அவருடன் வந்த சாமான்களில் ஒன்று பழைய சிங்கர் தையல் யந்திரம். காலால் மிதித்து ஓட்டுவது. அதன் கைச்சக்கரம் இம்மியும் அசையவில்லை. பழுது பார்க்க வந்த ஒருவர், “இது ஓடாது; பாகங்களும் கிடைக்கா; எடைக்குப் போட்டுவிடுங்கள்” என்று சொல்லிப் போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பங்கார்காரரை வரச் சொல்லியாயிற்று.

“அண்ணாச்சி, அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவுமில்லை. நீங்கள் ஒரு முறை பார்த்துச் சொன்னால் மனம் ஆறும்” என்றார் அச்சகோதரி.

நான் சென்றபோது அம்மூதாட்டி யந்திரத்தின் அருகிலேயே அமர்ந்திருந்தார். “தம்பி, அது எனக்குச் சோறு போட்ட மிஷின். அது ஓடாவிட்டாலும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீடு சிறிது; நான் என்ன சொல்ல?” என்றார்.

அச்சொல்லுக்குப் பின்னே ஒரு சரித்திரமே இருக்கிறது. 1830-இல் பிரான்ஸ் தேசத்துத் தையற்காரர் பார்த்தெலமி திமோனியே தையல் யந்திரத்துக்கு உரிமை பெற்றார். பாரிஸ் நகரில் அவருடைய யந்திரங்கள் படைவீரர்களின் உடைகளைத் தைத்தன. தம் பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் கூட்டமாய்ப் புகுந்து அவற்றை உடைத்தெறிந்தனர். 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ என்பவர் நுனியில் துளையுள்ள ஊசியும் இரண்டு நூல்களும் கொண்ட யந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1851-இல் ஐசக் மெரிட் சிங்கர் அதனினும் செம்மையானதொன்றைச் செய்தார். வாங்க வசதியற்ற குடும்பங்களும் தவணை முறையில் வாங்கலாம் என்ற ஏற்பாட்டினால் அவருடைய யந்திரம் உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில் சிங்கர் கம்பெனியின் வியாபாரத்தை நடத்தி வளர்த்தவர்களில் நஸர்வான்ஜி மெர்வான்ஜி படேல் என்ற பார்சிக் கனவான் முக்கியமானவர். அவர் இயங்கியதும் இப்பம்பாய் நகரிலிருந்தே.

யந்திர நாகரிகத்தைக் கண்டித்த காந்தியடிகளும் தையல் யந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார். 1924-இல் ஜி. ராமச்சந்திரன் என்னும் இளைஞர் கேட்ட கேள்விக்கு விடையாக, உலகில் கண்டுபிடிக்கப்பட்ட பயனுள்ள மிகச் சில பொருள்களில் இஃது ஒன்று என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். கேள்வி கேட்ட அவ்விளைஞரே பின்னாளில், 1947-இல், நம் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

பாரிஸில் எது பிழைப்பைக் கெடுக்குமென்று உடைக்கப்பட்டதோ, அதுவே தாராவியின் ஒற்றை அறைகளில் பிழைப்பாக நின்றது. தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து ஆண்கள் முன்னே வந்தனர். குடும்பங்கள் பின்னே வந்தன. வெளியே வேலைக்குப் போக இயலாத பெண்களுக்கு, குழந்தை தொட்டிலில் உறங்கும் நேரத்தில் ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்துப் பெற்ற சில்லறையே அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆயிற்று. அப்படிப்பட்ட ஒரு பொருளைத் திறந்துகூடப் பாராமல் எடைக்குப் போடுவது முறையாகுமா?

ஆகவே திறந்து பார்த்தோம். பங்கார்காரர் வருவதற்கு மூன்று நாள்கள் இருந்தன. நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இவற்றுள் எதுவும் பெண்களால் இயலாததன்று.

முதலில் யந்திரம் எதுவென்று அறிய வேண்டும். சிங்கர் யந்திரத்தின் அடித்தட்டில் வலப்புறமாக ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1900-ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவற்றில் அவ்வெண்ணுக்கு முன் ஓர் எழுத்தோ ஈரெழுத்தோ நிற்கும். எந்த ஆண்டு, எந்த ஆலையில் செய்யப்பட்டது என்பதை அதைக்கொண்டு அறியலாம். இந்த யந்திரம் 15-ஆம் வகையைச் சேர்ந்தது. ‘பாகங்கள் கிடைக்கா’ என்ற பேச்சு அப்பொழுதே அடிபட்டுப் போயிற்று. ஏனெனில் கல்கத்தா ஜெய் என்ஜினீயரிங் ஒர்க்ஸ் செய்த உஷா யந்திரமும், லூதியானாவில் செய்யப்படும் கறுப்பு யந்திரங்களில் பெரும்பாலானவையும் இவ்வகையின் அமைப்பையே பின்பற்றியவை. பாபின், பாபின் கேஸ், ஷட்டில், ஊசி ஆகியவை இன்றும் கடையில் கிடைக்கின்றன.

அடுத்து, சக்கரம் ஏன் சுழலவில்லை? காரணங்கள் இரண்டு இருந்தன. ஒன்று நூல். இடப்புறத் தகட்டை நகர்த்திப் பாபின் கேஸை வெளியே எடுத்து, ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தையும் விடுவித்தோம். உள்ளே பஞ்சுத் துகளும் அறுந்த நூல் துண்டுகளும் மெத்தைபோல் இறுகிக் கிடந்தன. ஷட்டில் ஓடும் பாதையில் ஒரு நூல் துண்டு சிக்கினாலே யந்திரம் நின்றுவிடும். ‘யந்திரம் கெட்டுவிட்டது’ என்று நாம் வருந்தும் சமயங்களில் பலமுறை கெட்டிருப்பது இவ்வளவுதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஓர் இடுக்கியும் இதற்குப் போதும்.

மற்றொரு காரணம் தேங்காய் எண்ணெய். நம் வீடுகளில் கீச்சென்று ஒலிக்கும் எதற்கும் கைக்கெட்டும் மருந்து அதுதானே! தலைக்கு நல்லதான அந்த எண்ணெய் யந்திரத்துக்கு ஆகாது. மார்கழிக் குளிரில் அது உறையும் என்பதை நாம் அறிவோம். அன்றியும், நாளடைவில் அது காற்றுப் பட்டுப் பிசினாகி, மெருகு பூசியதுபோல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் விட்ட எண்ணெய் எல்லா மூட்டுகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

இதற்கு மருந்து மண்ணெண்ணெய்; அதனுடன் பொறுமை. மேலேயுள்ள எண்ணெய்த் துளைகளிலும், யந்திரத்தின் தலையைப் பின்புறமாகச் சாய்த்தால் தெரியும் அடிப்புற மூட்டுகளிலும் சில சொட்டுகள் விட்டு ஓர் இரவு ஊறவிட்டோம். காலையில் கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினோம். வலிந்து திருப்பலாகாது, சுத்தியல் கூடவே கூடாது. வார்ப்பிரும்பு எவ்வளவு கடினமானதோ அவ்வளவு எளிதில் உடையக்கூடியது. முதல் நாள் ஒரு நூலிழை அளவே அசைந்தது; இரண்டாம் நாள் கால் சுற்று; மூன்றாம் நாள் காலையில் முழுச்சுற்றும் சுழன்றது. அம்மூதாட்டி அப்பொழுதுதான் காபி கேட்டார்.

மண்ணெண்ணெய் பயன்படுத்துகையில் அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தலாகாது. சன்னல் திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை நன்றாகத் துடைத்தெடுத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் தையல் யந்திரத்துக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு விட வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமேயன்றி உராய்வைத் தடுக்காது. கறுப்பு உடலின் மேலுள்ள பொன்னிறச் சித்திரங்களின் மேல் ஸ்பிரிட்டு படலாகாது. பட்டால் மேற்பூச்சோடு சித்திரமும் கரைந்து போகும். ஒரு சொட்டு எண்ணெய் தோய்த்த மெல்லிய துணியே அதற்குப் போதும்.

திருகாணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கர் யந்திரத்தின் திருகாணிகள் பல அதற்கே உரிய மரை கொண்டவை. ஒன்று தொலைந்தால் இரும்புக் கடையில் அதற்கு இணை கிடைப்பது அரிது. வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, கழற்றிய வரிசையிலேயே அவற்றை அடுக்குங்கள். திருகாணியின் வெட்டில் அசையாமல் பொருந்தும் திருப்புளியையே கையாளுங்கள். பொருந்தாத திருப்புளி திருகாணியின் தலையைத் தின்றுவிடும். கைச்சக்கரத்தின் நடுவே உள்ள திருகுக்குள் காதுகள் வைத்த ஒரு வாஷர் உண்டு. எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். தலைகீழாகப் பொருத்தினால் சக்கரம் மட்டும் சுழலும், ஊசி இறங்காது. அல்லது நூல் சுற்றும்போதும் ஊசி நிற்காது. இதில் நானே ஒரு பிற்பகலைத் தொலைத்தேன்.

தோல் வார் இற்றுப் போயிருந்தது. புதிய வாரை அளந்து வெட்டி, அதனுடன் வரும் கம்பிக் கொக்கியால் இணைத்தோம். சக்கரம் வழுக்காத அளவுக்கு இறுக்கம் இருந்தால் போதும். மிகவும் இறுக்கினால் மிதிக்கும் காலுக்குத்தான் தண்டனை.

ஊசி புதிதாக இருத்தல் வேண்டும். அதன் ஒரு புறத்தில் நீண்ட பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கமிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கம் அப்பள்ளம் நோக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் தையல் விட்டுவிட்டு விழும், அல்லது விழவே விழாது. பாபின் கேஸின் இறுக்கத்தை அறியவும் எளிய வழி உண்டு. நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக விழுந்தால் தளர்ச்சி. கையை மெல்ல உதறினாலும் இறங்காவிட்டால் இறுக்கம். உதறும்போது சிறிது இறங்கி நின்றால் சரி. தைக்கும்போது துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் குற்றம் பெரும்பாலும் மேல் நூலில்தான். பாதத்தைத் தூக்கி வைத்து, மேல் நூலை ஒரு முறை முழுதும் எடுத்து மீண்டும் கோத்துப் பாருங்கள்.

எல்லாப் பழைய யந்திரமும் பிழைத்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். கையோ அடித்தட்டோ விரிசல் கண்டிருந்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது. ஷட்டிலின் கூர் தேய்ந்து மழுங்கியிருந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பைத் திறந்து பார்த்தபின் சொல்லுங்கள், பாராமல் சொல்லாதீர்கள்.

தாராவியைத் திருத்தி அமைக்கும் திட்டம் 2004-ஆம் ஆண்டு முதலே பேசப்பட்டு வருகிறது. அறையைக் காலி செய்து இடம் பெயரும் நம் குடும்பங்கள் பல. இடம் மாறும்போது பரணும் கட்டிலடியும் ஒரே நாளில் காலியாகின்றன. அந்த அவசரத்தில்தான் இத்தகைய பொருள்கள் 13-ஆம் காம்பவுண்டைப் போய்ச் சேருகின்றன. மிதிக்கும் சட்டத்துக்கு வீட்டில் இடமில்லையெனில், தலையை மட்டும் ஒரு மரப்பெட்டியில் அமர்த்திக் கைப்பிடி பொருத்திக்கொள்ளலாம். முற்காலத்தில் நம் நாட்டுப் பெண்கள் தரையில் சம்மணமிட்டு அவ்வாறே தைத்தனர்.

ஞாயிறன்று பங்கார்காரர் வந்தார். அப்பொழுது அம்மூதாட்டி ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாதவர்; ஆயினும் ஒலியைக் கேட்டே, “மேல் நூல் சற்று இறுக்கம், தம்பி” என்றார். தைத்த துணியைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. நாற்பது ஆண்டுகள் அந்த யந்திரத்தோடு வாழ்ந்த காதுக்குத் தெரிந்தது, மூன்று நாள் திருப்புளி பிடித்த எனக்குத் தெரியவில்லை. பங்கார்காரர் நல்ல மனிதர்; சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, பழைய செய்தித்தாள்களை மட்டும் நிறுத்து எடுத்துச் சென்றார்.

இப்பொழுது வாரம் ஒரு முறை எண்ணெய் விடும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள். எந்தத் துளையில் எத்தனை சொட்டு என்று பாட்டி சொல்லிக் கொடுக்கிறார். யந்திரம் பிழைத்ததைக் காட்டிலும் இதுவே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. கையறிவு தாய்வழியே இறங்கும் செல்வம்; அதை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது.

உங்கள் இல்லத்திலும் போர்வை மூடிக் கிடக்கும் யந்திரம் ஒன்று இருக்குமாயின், இந்த ஞாயிற்றுக்கிழமை அதன் போர்வையை நீக்குங்கள். மழைக்காலம் வருமுன் செய்வது நலம். இவ்வூர் ஈரக்காற்றில் எண்ணெயில்லாத இரும்பு விரைவில் துருவேறும். ஐயம் தோன்றினால் சங்க முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; அறிந்தவரை விடை சொல்லக் காத்திருக்கிறேன்.