மலைத்தோட்டத்து வீட்டுக்கு மாதச் சந்தா இல்லாத டி.வி!

“தார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, மரவள்ளித் தோட்டத்தில் வீடு. கேபிள் வராது, செல்போன் டவரும் சரியாகக் கிடைக்காது. பழைய ஆன்டெனாவில் வந்துகொண்டிருந்த தூர்தர்ஷனும் நின்றுவிட்டது. கிழங்கு பிடுங்கும் நேரத்தில் மழைச் செய்திகூடத் தெரிவதில்லை. டிஷ் மாட்டினால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். சந்தா இல்லாமல் பார்க்க வழி உண்டா? மலை மறைக்காதா?”

- வாசகி ஒருவர், கல்வராயன்மலை.

வழி இருக்கிறது. பிரசார் பாரதி நடத்தும் ‘டிடி ஃப்ரீ டிஷ்’ சேவைக்கு மாதச் சந்தா கிடையாது. 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில், 33 சேனல்களோடு தொடங்கப்பட்டது இது. டிஷ், அதன் முன்னால் இருக்கும் எல்.என்.பி, ஒயர், செட் டாப் பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒருமுறை மட்டும் சுமார் 2,000 ரூபாய் செலவாகும். பிறகு ரீசார்ஜ் எதுவும் இல்லை. மாதாமாதம் பணம் கேட்டால், அது தனியார் டி.டி.ஹெச் இணைப்பாக இருக்கும். வாங்கும்போதே ‘ஃப்ரீ டிஷ்’ என்று சொல்லிக் கேட்டு, ரசீதிலும் அப்படியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பாக்ஸ் ‘எம்பெக்-4’ வகையாக இருக்கட்டும். பழைய ‘எம்பெக்-2’ பாக்ஸில் சில சேனல்கள் வராது.

பழைய ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் இனிப் பயனில்லை. தரையில் இருந்த அனலாக் ஒளிபரப்புக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றைத் தூர்தர்ஷன் படிப்படியாக மூடிவிட்டது. கோபுரத்திலிருந்து வரும் அலைகளுக்கு மலை ஒரு தடுப்புச் சுவர். ஆனால், ஃப்ரீ டிஷ் சிக்னல் மேலிருந்து வருகிறது. ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோள், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அதுவும் சுற்றுவதால், நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. எனவே, டிஷ்ஷை ஒருமுறை சரியாகத் திருப்பி, ஆடாமல் முடுக்கிவிட்டால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடைப்பட்ட திசையில், தென்கிழக்கை ஒட்டி, 65 முதல் 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதாவது, உச்சி வானத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவே, உச்சிக்குச் சற்று நெருக்கமாக. அவ்வளவு உயரம் என்பதால், வீட்டை ஒட்டிச் செங்குத்தான பாறை இருந்தாலொழிய மலை மறைக்காது. மரம்தான் மறைக்கும். பலாவோ தென்னையோ அந்தத் திசையில் தலைக்கு மேல் கவிந்திருந்தால் படம் வராது. சின்ன டிஷ்கள், சிக்னல் வரும் திசையைவிடத் தாழ்வாகப் பார்ப்பதுபோலத் தோன்றும். அதை நம்பி இடம் தேர்ந்தெடுக்கக் கூடாது. ‘முன்னால் ஒன்றும் மறைக்கவில்லையே’ என்று தோன்றினாலும், இன்னும் மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். இன்று சிறியதாக இருக்கும் மரம் மூன்று வருடங்களில் எவ்வளவு வளரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் டிடி தமிழ் (முந்தைய பொதிகை) கிடைக்கும். டிடி கிசான் விவசாயச் சேனலும் உண்டு. ஆனால், அதில் பெரும்பாலும் இந்திதான். தனியார் சேனல்களுக்கான இடங்களை பிரசார் பாரதி ஏலத்தில் கொடுப்பதால், அவை அவ்வப்போது மாறும். சேனல் காணாமல் போனால் பாக்ஸில் ‘ஸ்கேன்’ செய்து பாருங்கள். சந்தாவில் ஓடும் பெரிய தமிழ் சேனல்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம். சீரியல் பார்ப்பதற்காகவே வாங்குகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

கிராமத்துக்குச் செயற்கைக்கோள் டி.வி என்பது புதிய யோசனை அல்ல. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் உதவியோடு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு விவசாய, சுகாதார நிகழ்ச்சிகளை ஒளிபரப்பினார்கள். அப்போது சுமார் 10 அடி அகலக் கம்பிவலை ஆன்டெனா தேவைப்பட்டது. ஊருக்கே ஒரு டி.வி பெட்டி. இப்போது 2 அடி டிஷ்ஷை ஒரு வீட்டுக்காரரே மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. ஃப்ரீ டிஷ் பயன்படுத்தும் ‘கே.யு பேண்ட்’ அலைகளைக் கனமழை உறிஞ்சிக்கொள்ளும். மேகம் திரண்டு கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்றுபோகும். மழை குறைந்ததும் தானே வந்துவிடும். அது பழுதல்ல, டிஷ்ஷைத் திருப்பிவிட வேண்டாம். இடி இடிக்கும்போது டி.வி, பாக்ஸ் பிளக்குகளையும் டிஷ் ஒயரையும் முன்கூட்டியே கழற்றி வைத்துவிட வேண்டும். ஆக, புயல் செய்தி மிக அவசியமாகும் நேரத்தில்தான் இந்த டி.வி கைவிடும். வானிலை அறிவிப்பை முதல் நாள் மாலையிலேயே டி.வி-யில் கேட்டு, கிழங்கு பிடுங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மழை நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.