சேரிக்கு எதுக்குச் சதுரங்கம்?

"இந்தப் புள்ளைங்களுக்குத் தத்துவமெல்லாம் எதுக்கு சார்? தையல், ஒயரிங்னு கத்துக்குடுத்தா பொழச்சிக்குவாங்கல்ல?"

எங்கள் சேரியில் நான் நடத்தும் மாலை வகுப்பைப் பார்க்க வந்த ஒருவர் கேட்டது. கெட்ட மனுஷன் இல்லை. நோட்டு, பென்சிலெல்லாம் வாங்கி வந்திருந்தார். எதிரி சொன்னால் சண்டை போடலாம். கருணையோடு சொல்பவரை என்ன செய்வது?

கை நமக்கு, தலை அவர்களுக்கு. மனு சொன்னது இதைத்தான். இப்போது பெயர் மட்டும் மாறி 'வாழ்வாதாரப் பயிற்சி' ஆகியிருக்கிறது. தையல் கேவலம் என்று சொல்லவில்லை. எங்கம்மா தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தது. தையலோடு நிறுத்து என்று சொல்ல நீ யார் என்றுதான் கேட்கிறேன்.

அம்பேத்கருக்குப் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது. பாரசீகம் படித்தார். பின்னாளில் சமஸ்கிருதமும் கற்று, சாஸ்திரங்களைப் பிரித்துப் போட்டார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பேராக வைத்து வார ஏடு நடத்தினார். ஒரு பைசாவுக்குத் தத்துவம் விற்ற சமூகம் இது. நமக்கெதுக்குத் தத்துவம் என்று நம்மிடமே கேட்கிறார்கள்!

ஒருநாள் பலகையை விரித்ததும் ஏழாவது படிக்கிற பொண்ணு கேட்டது: "ஏன் சார் எப்பவும் வெள்ளைதான் மொதல்ல நவுத்தணும்?" விதி அப்படி என்று வாயை அடைத்திருக்கலாம். உண்மையைச் சொன்னேன். 19ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் கருப்பும் முதலில் ஆடியதுண்டு. பிறகுதான் வெள்ளைக்கே முதல் நகர்வு என்று விதி கெட்டிப்பட்டது.

"அப்ப மனுசங்க எழுதுனதுதானே? மாத்தலாம்ல?"

இது தத்துவம் இல்லையென்றால் வேறென்ன? அமெரிக்காவில் மாத்யூ லிப்மன் 1974இல் குழந்தைகளுக்குத் தத்துவம் சொல்லித்தர ஒரு நிறுவனமே தொடங்கினார். அங்கே அது கல்வி. சேரியில் செய்தால் அதிகப்பிரசங்கித்தனம்.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி வந்தது. அந்த வாரம் எங்கள் அறிவியல் பாடம் தண்ணீர். கிருமி, குளோரின், பரிசோதனை எல்லாம் சொன்னேன். ஒரு பையன் எழுந்தான்: "தண்ணில கலந்தத லேப்ல கண்டுபுடிச்சிடலாம். கலந்தவன் மனசுல இருக்கறத எதுல வச்சுப் பாக்கறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குப் பாடம் அத்தோடு நின்றது. அந்தக் கேள்வியை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சிப்பாய் கடைசிக் கட்டம் போனால் ராணி ஆகும் என்று ஆசை காட்டுகிற ஆளில்லை நான். எட்டுச் சிப்பாயில் எத்தனை போய்ச் சேருது என்று புள்ளைங்களே எண்ணிப் பார்க்கிறார்கள்.

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்கே கருப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். எங்கள் வகுப்பில் இருபது பேருக்கு மூன்று பலகை. ஒன்றில் தொலைந்துபோன குதிரைக்குப் பதில் புளியங்கொட்டை.

மேடையில் விடுதலை பேசும் தோழர்களே, உங்க புள்ளை செஸ் வகுப்புக்குப் போவுது. எங்க புள்ளைக்குத் தையல் மிஷின் சிபாரிசு பண்றீங்க. நோட்டு வாங்கிட்டு வராதீங்க. ஒரு சாயங்காலம் வந்து தரையில உக்காருங்க. அந்தப் பொண்ணோட ஒரு ஆட்டம் ஆடுங்க. கருப்பை எடுத்துக்கிட்டு, அவதான் மொதல்ல நவுத்துவா.