குட்டி யானைக்குக் காலையில் கால் மணி நேரம்

போன இதழில் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "தையல் மெஷின் இருக்கட்டும் அக்கா. நீங்க சோறு ஏத்திக்கிட்டுப் போற வண்டியை யார் பார்த்துக்கறாங்க? எங்க வீட்டுப் பழைய வண்டிக்கு மாசா மாசம் மெக்கானிக்குக் கொடுத்தே கை கடிக்குது" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி செய்கிற ஊராகி எத்தனையோ வருஷமாயிற்று. 1998-லேயே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவந்துவிட்டன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை, 2012-ல் பாரத் பென்ஸ் லாரி. புத்தம்புது வண்டிகள் டிரெய்லரில் வரிசையாகப் போகும். அதற்கு நடுவில் சாம்பார் அண்டாவை ஏற்றிக்கொண்டு எங்கள் பழைய 'குட்டி யானை'யும் போகும்!

2005-ல் டாடா கம்பெனி இந்த ஏஸ் வண்டியை விட்டது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், முக்கால் டன் பாரம். வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்கிறார்கள், நமக்குக் குட்டி யானை. பழைய மாடலில் கம்ப்யூட்டர் சமாசாரம் கிடையாது. அதனால் தினசரி பராமரிப்பை வீட்டுப் பெண்களே பார்த்துக்கொள்ளலாம். ஷிப்டு முடிந்து வருகிற பெண்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். வண்டி வழியில் நின்றால் அவர்கள் வெறும் வயிற்றோடு மெஷின் முன்னால் போய் நிற்க வேண்டும். அதை நினைத்தே நான் தினம் கால் மணி நேரம் ஒதுக்குகிறேன்.

முதலில் உங்களைக் கவனியுங்கள்

புடவை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகுங்கள். துப்பட்டா வேண்டவே வேண்டாம். பின்னலைக் கொண்டையாக முடியுங்கள். ஓடுகிற பெல்ட்டில் துணி சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. தங்க வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். பேட்டரி முனையில் வளையல் பட்டு மறுபுறம் வண்டியின் இரும்பில் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து கையைப் பொசுக்கிவிடும். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயிலும் தண்ணீரும்

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும் விடியற்காலை நல்லது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், அதற்காகப் பயப்படாதீர்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். என்ஜின் சூடேறும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்தது போதும். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிரஷர் குக்கர் மாதிரிதான் அதுவும். நூறு டிகிரியைத் தாண்டிய தண்ணீர் உள்ளே அழுத்தத்தோடு இருக்கும். திறந்தால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். யாருக்காவது பட்டுவிட்டால், காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விடுங்கள். மையோ பற்பசையோ தடவாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பேட்டரி, டீசல்

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்யும். முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். சமையல் சோடா கலந்த தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்துத் துடைக்கலாம். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். முனைகளில் துளி வாசலின் தடவிவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஆயுத பூஜையன்று கற்பூரம் காட்டுவதானால் சற்றுத் தள்ளி நின்று காட்டுங்கள்.

டீசலைக் கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். முழுக்கத் தீர்ந்தால் குழாயில் காற்று புகுந்து, பிறகு டீசல் ஊற்றினாலும் வண்டி கிளம்பாது. மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டி, வடிக்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

டயரும் ஜாக்கியும்

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெயிலில் ஓடி வந்தபின் அளந்தால் கூடுதலாகக் காட்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும், வயதான டயரில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பஞ்சரானால் முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு கியரில் போடுங்கள், எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, அப்புறம் ஜாக்கி வையுங்கள். ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. அது வழுக்கினால் வண்டியின் முழு எடையும் கீழே இருப்பவர் மேல்தான். 'ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துடறேம்மா' என்று பையன் அடியில் தலையை விட்டால், காதைப் பிடித்து வெளியே இழுத்துவிடுங்கள்.

தொடக் கூடாதது

பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பார்ப்பது நம் வேலை. குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது, அல்லது பேடு தேய்ந்திருக்கிறது. மேலே மேலே ஊற்றிச் சமாளிக்காதீர்கள், என்ஜின் ஆயிலை அதில் விடவும் கூடாது. மெக்கானிக்கிடம் விடுங்கள். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி வரும்போது, பிரேக் ஒன்றுதான் நம் உயிருக்குக் காவல். முக்கால் டன் என்றால் முக்கால் டன்தான். 'இன்னும் ரெண்டு மூட்டை' என்று ஏற்றினால் பிரேக் பிடிக்காது.

புது மாடல் டீசல் வண்டிகளில் எரிபொருள் குழாயைத் தளர்த்தக் கூடாது. உள்ளே இருக்கிற அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். மூடிய ஷெட்டுக்குள் எந்த வண்டியையும் ஓடவிடாதீர்கள். அந்தப் புகை மயக்கி உயிரை எடுக்கும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான், சிகரெட் தாளோ கம்பியோ சுற்றினால் வண்டியே எரியும்.

பழைய ஆயில் சருமத்துக்கு ஆகாது. நாள்பட்டால் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். கையுறை போடுங்கள். கையில் பட்டால் மண்ணெண்ணெயில் கழுவாமல், தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துச் சோப்புப் போடுங்கள். அடுப்படிக்குப் போகுமுன் இது அவசியம். வடித்த ஆயிலைக் கால்வாயில் கொட்டினால் மழையோடு ஏரிக்குத்தான் போகும். கேனில் சேர்த்து ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். தினமும் பார்த்துவரும் வண்டி அந்த நாளில் நம்மைத் தவிக்கவிடாது. சமையலறைக் காலண்டரிலேயே ஆயில் மாற்றிய தேதியையும் கிலோ மீட்டரையும் குறித்து வையுங்கள். மெக்கானிக் 'போன மாசம்தானே மாத்தினீங்க' என்று சொல்லும்போது, எந்த மாதம் என்று தேதியோடு சொல்ல நம்மால் முடியும்!

அடுத்த இதழில்: மிக்ஸி ஜாரில் கசிவு, வாஷரை நாமே மாற்றலாம்.