சாதி பற்றிப் பேச்சு வந்தால் நாம் ஏன் காது கொடுப்பதில்லை? கோலார் தங்கவயலில் ஒரு பதில் இருக்கிறது

ஆபீஸில் ஒருவர் "எனக்குச் சொந்த ஊர் கேஜிஎஃப்" என்றால், முதலில் யஷ் படத்தைப் பற்றித்தான் கேட்பீங்க. அடுத்து, "கர்நாடகாவுல எப்படி இவ்ளோ தமிழ்க்காரங்க?" என்பீங்க. அதற்கு அவர் உண்மையான பதிலைச் சொல்ல ஆரம்பித்தால் சாதி வரும். அங்கேதான் பேச்சு திசைமாறும்: "இன்னுமா ப்ரோ இதெல்லாம்?"

அந்த உண்மையான பதில் என்ன?

1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் கால் பதித்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தலித்துகள். வெள்ளை அதிகாரிகளுக்கு பங்களா, கிளப். தொழிலாளர்களுக்கு வரிசைக் குடிசைகள். ஊரில் சாதி, இங்கே அதோடு நிறவெறி. தொழிலாளர்கள் எப்போதும் தங்கத் திருட்டுச் சந்தேகத்தின் கீழேயே இருந்தார்கள். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காருபேட்டை வழியாக தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

இவர்கள் 'குரலற்றவர்களா'?

இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவருடைய பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பம் முக்கியமான தளம். 1914-ல் அவர் மறைந்தார். பின்னர் 1926-ல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தது தங்கவயலிலிருந்துதான். சுரங்க ஊரிலேயே அச்சகம், புத்தகசாலை எல்லாம் இருந்தன. அவர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறார்கள். குறை கேட்கும் பக்கத்தில்தான் இருக்கிறது.

டேட்டா என்ன சொல்கிறது?

பியூ ஆய்வு மையம் சுமார் 30,000 இந்தியர்களிடம் கேட்டு 2021-ல் வெளியிட்ட முடிவுகளில் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பட்டியல் சாதியினருக்கு எதிராக நிறையப் பாகுபாடு இருக்கிறது என்றவர்கள் 20%. பெண்கள் வேறு சாதியில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 64%. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை யாரும் இவ்வளவு கவனமாகக் காவல் காக்க மாட்டார்கள்.

படித்தவர்கள் இடத்தில் மாறிவிடுமா?

2022 ஏப்ரலில் கூகுள் ஊழியர்களிடம் சாதி பற்றிப் பேச, தமிழ் வம்சாவளி தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் அழைக்கப்பட்டார். சில ஊழியர்கள் அவரை இந்து விரோதி என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். பேச்சு ரத்தானது. அது பிளவை உண்டாக்கியதாக நிறுவனம் விளக்கம் சொன்னது. ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா பின்னர் வேலையை விட்டார். அவர் என்ன பேசப்போகிறார் என்று கேட்கும் முன்பே எதிர்ப்பு வந்துவிட்டது.

சரி, நாம என்ன செய்யலாம்?

2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது நம்மில் பலர் நிறவெறிக்கு எதிராக ஸ்டேட்டஸ் போட்டோம். வெள்ளைக்காரர்கள் முதலில் வாயை மூடிக் கேட்கணும் என்றோம். வெளிநாட்டில் உங்க மேனேஜர் "நீ எல்லாத்தையும் இனவெறியாப் பார்க்கிற" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சாதியின் சுமை தெரியாமல் வளர்ந்தவர்களுக்கும் அதே அளவுகோல்தான்:

• "நான் சாதி பார்க்கிறதில்ல" என்று ஆரம்பிக்காதீங்க. பேச்சு அவருடைய அனுபவத்திலிருந்து உங்க நல்ல மனசுக்குத் தாவிவிடும்.

• "அது வேற காரணமா இருக்கும்" என்று உடனே தீர்ப்பு சொல்லாதீங்க. வீட்டு ஓனர் "நான்-வெஜ்ஜா?" என்று கேட்டதன் அர்த்தம் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவருக்குத்தான் தெரியும்.

• தலித் நண்பரை உங்க டியூஷன் வாத்தியார் ஆக்காதீங்க. அயோத்திதாசரும் அம்பேத்கரும் அச்சில் கிடைக்கிறார்கள். முதலில் வாசிங்க, பிறகு கேளுங்க. பதில் சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்றால் விட்டுடுங்க.

• அவர் இல்லாத இடத்தில் பேசுங்க. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் 'கோட்டா' ஜோக் வரும்போது அதைத் தடுக்க வேண்டியவர் நீங்கதான். அந்த குரூப்பில் தலித் நண்பர் இருக்க மாட்டார், நீங்க இருக்கீங்க.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சலித்தவர்களாக இருக்கலாம். இனி யாராவது கேட்டால், இந்த லிங்க்கை அனுப்பிட்டு உங்க வேலையைப் பாருங்க.