தேடினோம், இல்லை என்போர்க்கு

கோப்பில் தேடினோம், அகப்படவில்லை. ஆகவே நூலில் அச்சொல் இல்லை என்று கட்டுரை எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. இதை நாம் மறுக்கிறோம்.

சுந்தரர் பிறந்த திருநாவலூரையே எடுத்துக்கொள்வோம். அவ்வூர்ப் பதிகத்தின் பாடல்கள் 'நாவலூரே' என்று முடிகின்றன. ஏழாம் திருமுறைக் கோப்பில் 'கிரெப்' கட்டளையிடம் 'நாவலூர்' என்று கேட்டால் அந்த ஈற்றுச்சொல் ஓரிடத்தும் சிக்காது. யூனிகோடில் மெய்ப்புள்ளி தனிக்குறி. 'ரே' என்னும் எழுத்தில் அப்புள்ளி இல்லை. புள்ளியை நீக்கி 'நாவலூர' என்று கேட்டால் எல்லாம் வரும்.

பதிகத்தை மட்டும் பிரித்தெடுப்பதிலும் இப்படியொரு பொறி உண்டு. தலைப்பிலிருந்து 'திருச்சிற்றம்பலம்' வரை தருக என்று 'செட்' கட்டளைக்குச் சொல்கிறார்கள். பதிகத்தின் முன்னும் பின்னும் அச்சொல்லை இடுவது பதிப்பு மரபு; எனவே முதற்பாடலுக்கு முன்பே வெட்டு விழுந்துவிடும். அடுத்த பதிகத்தின் தலைப்பை எல்லையாகக் கொள்வதே முறை.

மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள் 1998 முதல் ஊதியமின்றித் தட்டெழுதித் தந்த செல்வம் இத்தகைய கோப்புகள். கருவி பொய் சொல்வதில்லை. கேட்டதற்கு மட்டுமே விடை தருகிறது. கேட்கத் தெரியாத பிழையை நூலின் தலையில் ஏற்றலாமா? நூலில் இல்லை என்று சொல்லும் உரிமை, நூலைப் படித்தவர்க்கே உண்டு.