காணாமல் போன அணை

ஆந்திரத்தில் தமிழக எல்லையை ஒட்டிய ஊர் பிச்சாட்டூர். 2022 ஏப்ரல்வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். அங்கே ஒருவர் தன் ஊருக்கு ஓர் இணையதளம் அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலவசமாகக் கிடைத்த டெம்ப்ளேட்டின் தலைப்பகுதியில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரை. அதை நீக்கிவிட்டு, ஊரின் ஆரணியாறு அணைப் படத்தைப் பின்னணியாக வைக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில் அணை அழகாகத் தெரிகிறது. சர்வரில் ஏற்றியதும் காணோம். வெறும் வெள்ளை. அதன்மேல் வெள்ளை எழுத்தில் இருந்த ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும்கூடக் காணோம்.

குற்றவாளி பெரும்பாலும் ஓர் எழுத்துதான். ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றே. பெரும்பாலான சர்வர்களை இயக்கும் லினக்ஸுக்கு அவை வேறு வேறு. கேமரா வைத்த பெயரில் 'ஜேபிஜி' பெரிய எழுத்தில் இருக்க, கட்டளையில் சின்ன எழுத்தில் எழுதினால் லினக்ஸ் கையை விரித்துவிடும்.

வீட்டிலேயே படம் தெரியவில்லை என்றால் முகவரியைச் சந்தேகிக்கலாம். நிறம், எழுத்து, பின்னணி போன்ற அலங்காரங்கள் பக்கத்தில் இல்லாமல் சிஎஸ்எஸ் என்ற தனி ஃபைலில் இருக்கும். இம்முறையை 1994இல், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹோகோன் வியும் லீ முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது அதிகாரபூர்வமானது. அப்போதே வகுத்த விதி: படத்தின் முகவரியை சிஎஸ்எஸ் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட வேண்டும், பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. பிச்சாட்டூருக்கு வழி கேட்டால் புத்தூர்க்காரர் கிழக்கே கை காட்டுவார்; ஊத்துக்கோட்டைக்காரர் மேற்கே. பக்கத்தில் இருந்த கட்டளையை அப்படியே வெட்டி, வேறு ஃபோல்டரில் உள்ள சிஎஸ்எஸ் ஃபைலில் ஒட்டுபவர், புத்தூரில் கேட்ட வழியை ஊத்துக்கோட்டையிலிருந்து பின்பற்றுகிறார்.

மூன்றாவது காரணம் டெம்ப்ளேட்டே. பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான வரிகளில், கீழே எங்கோ 'பின்னணி வெள்ளை' என்று ஒரு சுருக்கக் கட்டளை இருந்தால் போதும். சம பலமுள்ள கட்டளைகளில் பின்னால் வருவதே செல்லும். மேலே வைத்த படம் ரத்து.

இதையெல்லாம் ஊகிக்கத் தேவையில்லை. பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றிப் பார்க்கலாம். படத்துக்கு நேரே 404 என்று வந்தால் பெயரோ முகவரியோ தவறு. படமே பட்டியலில் இல்லையென்றால் பெரும்பாலும் கட்டளை ரத்தாகியிருக்கிறது. 200 என்று வந்தும் தெரியவில்லை என்றால், படம் இருக்க வேண்டிய பெட்டிக்கு உயரம் இல்லை, அல்லது வேறு ஏதோ அதை மறைக்கிறது.

படம் வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. அதனுடன் ஓர் அடர்ந்த நிறத்தையும் பின்னணியாகச் சொல்லிவைக்க வேண்டும். படம் வராத நாளிலும் வெள்ளை எழுத்து தெரியும். முக்கியச் செய்தியைப் படத்துக்குள்ளேயே எழுதவும் கூடாது. பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் மென்பொருள் பின்னணிப் படத்தை வாசிப்பதில்லை.

பருவமழையில் பிச்சாட்டூர் அணையிலிருந்து திறக்கப்படும் உபரிநீர், எல்லை தாண்டி ஊத்துக்கோட்டைப் பக்கம் பாய்கிறது. அந்த எச்சரிக்கையை அணைப் படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் போடுபவர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். படம் வராவிட்டாலும் தண்ணீர் வரும்.